வாட்சும் ஓய்வும்: சரக்குக் கப்பலில் முதல் ஒப்பந்தம்

இந்த அத்தியாயம் யாருக்கு?

பாலாறு, கோவிந்தப்பாடி, கொளத்தூர், மேட்டூர் பக்கத்திலிருந்து கப்பல் வேலைக்குக் கிளம்பும் இளைஞருக்காக எழுதியது இது. ஆறு மாத ஜி.பி. ரேட்டிங் பயிற்சியை முடித்து, சி.டி.சி. எனப்படும் கடற்பணிப் புத்தகத்தைக் கையில் வாங்கி, முதல் கப்பலுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். முடிச்சுப் போடவும் தீயணைக்கவும் பயிற்சிப் பள்ளியில் கற்றிருப்பீர்கள். கப்பலில் ஒரு முழு நாளை எப்படி நடத்துவது, எப்போது தூங்குவது, வேலை இல்லாத நேரத்தை என்ன செய்வது என்பதெல்லாம் கப்பல் ஏறிய பிறகுதான் பிடிபடும். அதற்கு முன்பே பிடிபட வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கப்பலில் ஓய்வும் ஒரு பணிதான். வாட்ச் எனப்படும் முறைப்பணிக்கு நேரத்தோடு வருவது உங்கள் பொறுப்பு. தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி எழுவதும் அதே அளவு உங்கள் பொறுப்பு. தூக்கம் கெட்டவன் கையில் சுக்கான் இருந்தால் கப்பலில் உள்ள அத்தனை பேர் உயிரும் அந்தக் கையில்தான் இருக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு படியையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்

1. உங்களை அனுப்பும் நிறுவனத்தின் ஆர்.பி.எஸ்.எல். எனப்படும் ஆள்சேர்ப்பு உரிம எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரக இணையதளத்தில் அந்த எண் இன்றும் செல்லுபடியாகிறதா என்று நீங்களே பாருங்கள்.

2. வேலை வாங்கித் தருவதற்காகக் கப்பல் பணியாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியா 2015இல் அதை ஏற்றது. கடவுச்சீட்டு, சி.டி.சி., மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றின் செலவு மட்டுமே உங்களுடையது. லட்சக்கணக்கில் கேட்கும் முகவருக்கு நிலத்தையோ நகையையோ அடகு வைத்துக் கொடுக்காதீர்கள்.

3. பணி ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். உங்கள் பதவி, மாதச் சம்பளம், எத்தனை மாதம், ஊர் திரும்பும் செலவு யாருடையது ஆகிய நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

4. கடவுச்சீட்டு, சி.டி.சி., இண்டோஸ் எண், பயிற்சிச் சான்றிதழ்கள், மருத்துவச் சான்றிதழ், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை ஆகியவற்றை இரண்டு செட் நகல் எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். தடுப்பூசி போட்டுப் 10 நாள் கழித்தே அந்த அட்டை செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

5. கப்பலின் பெயர், கொடி நாடு, ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண், நிறுவனத்தின் அவசரத் தொலைபேசி எண் நான்கையும் ஒரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். கப்பலின் பெயர் மாறலாம், கொடி மாறலாம், ஐ.எம்.ஓ. எண் மாறாது.

6. இரண்டு ஒப்பந்தக் காலத்துக்கு வேண்டிய துணியை மூட்டை கட்டாதீர்கள். மூன்று மாற்றுத் துணி, ஒரு கனமான ஸ்வெட்டர், நல்ல கைக்கடிகாரம், சிறு டார்ச், காதடைப்பான், மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துகளும் அந்தச் சீட்டும் போதும். மருந்துச் சீட்டு இல்லாமல் மாத்திரை எடுத்துச் சென்றால் சில நாடுகளின் சுங்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

*குறிப்பு:* பயிற்சியில் இன்னும் சேராத தம்பி யாராவது உடன் இருந்தால், கட்டணம் கட்டுவதற்கு முன் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவருக்கு டெக் வேலை கிடைக்காது. கடலில் கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று இரவில் அவற்றை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஆற்றுப் பழக்கத்தில் எதை எடுத்துச் செல்வது, எதை விடுவது

அடிப்பாலாற்றிலும் மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் பரிசல் விட்டு வளர்ந்தவருக்குத் தண்ணீர் புதிதல்ல. அந்தப் பழக்கத்தில் பாதி கப்பலில் கைகொடுக்கும். மீதிப் பாதி ஆளைக் கவிழ்க்கும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை:

- காற்றையும் வானத்தையும் பார்த்த பிறகே பரிசலைத் தள்ளும் பழக்கம். கப்பலிலும் டெக்குக்கு இறங்கும் முன் காற்று எந்தப் பக்கம், அலை எந்தப் பக்கம் என்று பாருங்கள்.
- எதிர்க்கரை மரம் ஒன்றைக் குறியாக வைத்துத் துடுப்புப் போடும் கண். சுக்கான் பிடிக்கும்போது முன்னால் தெரியும் மேகத்தையோ நட்சத்திரத்தையோ குறி வைத்துக்கொண்டு, திசைகாட்டியோடு அடிக்கடி ஒப்பிட்டால் கை நேராக நிற்கும்.
- சுமையை ஒரு பக்கம் சாயவிடாத கவனம். டெக்கில் கட்டாமல் கிடக்கும் ஒரு பெயின்ட் டப்பாகூட அலையில் உருண்டு வந்து காலை ஒடிக்கும்.

விட்டுவிட வேண்டியவை:

- நீச்சல் தெரியும் என்ற துணிவு. 14 நாட் வேகத்தில் போகும் கப்பல் ஒரு நிமிடத்தில் 430 மீட்டர் தாண்டிவிடும். நீங்கள் விழுந்ததை ஒருவர் பார்த்துச் சொல்வதற்குள் உங்கள் தலை அலைக்குள் மறைந்திருக்கும். கடலில் உயிரைக் காப்பது மிதவை அங்கியும் பார்த்த ஆளின் குரலும்.
- தானே முடிவெடுப்பது. பரிசலில் துடுப்புப் பிடித்தவன் சொல்வதே சட்டம். கப்பலில் கேட்ட பிறகே கை வைக்க வேண்டும்.
- வாய் திறக்காமல் வேலை பார்ப்பது. பார்த்ததையும் செய்து முடித்ததையும் உரக்கச் சொல்வது கப்பலில் வேலையின் பாதி.
- வெறுங்கால், கைலி. கேபினுக்குள் உங்கள் விருப்பம். கதவைத் தாண்டினால் பாதுகாப்பு ஷூ.

கப்பலில் ஏறிய முதல் 24 மணி நேரம்

1. கேங்வே ஏணியில் ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். பையைத் தோளில் மாட்டுங்கள், அல்லது கயிற்றில் ஏற்றச் சொல்லுங்கள்.

2. கேங்வேயில் நிற்பவரிடம் பெயரைப் பதிவு செய்யுங்கள். பிறகு சீஃப் ஆபீசரைப் பார்த்து ஆவணங்களை ஒப்படையுங்கள். எதை எதைக் கொடுத்தீர்கள் என்று உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

3. கேபின் கதவருகே அல்லது கட்டிலருகே உங்கள் அவசரகாலக் கடமை அட்டை இருக்கும். எந்த உயிர்காப்புப் படகு, எந்த இடத்தில் கூட வேண்டும், தீப்பிடித்தால் உங்கள் வேலை என்ன என்று மனப்பாடம் செய்யுங்கள்.

4. கேபினிலிருந்து திறந்த டெக் வரை போகும் இரண்டு வழிகளை நடந்து பாருங்கள். பிறகு கண்ணை மூடி, சுவரைத் தடவியபடி மீண்டும் ஒருமுறை நடங்கள். புகை சூழ்ந்தால் இப்படித்தான் போக வேண்டியிருக்கும்.

5. மிதவை அங்கி எங்கே இருக்கிறது என்று பார்த்து, அணிந்து, பட்டை, விசில், விளக்கு மூன்றும் சரியா என்று சோதியுங்கள்.

6. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் பொது அபாய எச்சரிக்கை. அந்த ஒலி வந்தால் எதையும் எடுக்கத் திரும்பாதீர்கள்; நேராகக் கூடும் இடத்துக்குப் போங்கள்.

7. போசனிடம் உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். டெக் ஆட்களுக்கு மேஸ்திரி அவர்தான். அதிகாரிகளைச் சார் என்றும், மூத்த ஏ.பி. மாலுமிகளை அண்ணன் போலவும் மரியாதையாக அழையுங்கள். வடநாட்டவரும் பிலிப்பைன்ஸ்காரரும் உடன் இருக்கலாம். மெதுவான, தெளிவான ஆங்கிலம் எல்லோருக்கும் பொது.

*அடிக்கடி நேரும் தவறு:* புரியாத உத்தரவுக்கு ‘யெஸ் சார்’ சொல்வது. கூச்சத்தால் சொல்லும் அந்த இரண்டு சொல்லால் கயிறு அறுந்திருக்கிறது, விரல் போயிருக்கிறது. புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்பது குறையில்லை.

நாள் எப்படிப் பகுக்கப்படுகிறது?

கடலில் ஓடும் கப்பலில் பெரும்பாலும் மூன்று வாட்ச். நான்கு மணி நேர வேலை, எட்டு மணி நேர இடைவெளி, மீண்டும் நான்கு மணி நேரம்.

- 12 முதல் 4 வரை: நள்ளிரவிலும் நண்பகலிலும். வழக்கமாக செகண்ட் ஆபீசருடன்.
- 4 முதல் 8 வரை: விடியலிலும் அந்தியிலும். வழக்கமாக சீஃப் ஆபீசருடன்.
- 8 முதல் 12 வரை: காலையிலும் இரவிலும். வழக்கமாக தேர்ட் ஆபீசருடன்.

புதிதாக வந்தவரைப் பெரும்பாலும் பகல் வேலையில் போடுவார்கள். காலை 8 முதல் மாலை 5 வரை போசன் சொல்லும் வேலை: துருச் சுரண்டுதல், பெயின்ட் அடித்தல், கிரீஸ் போடுதல், டெக் கழுவுதல், கயிறு பார்த்தல். இந்த வேலையைத் தாழ்வாக எண்ணாதீர்கள். துருவைச் சுரண்டிக்கொண்டே கப்பலின் ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று கற்கிறவர் சீக்கிரம் சுக்கானுக்குப் போவார்.

துறைமுகத்தை நெருங்கினால் இந்த அட்டவணை முழுவதும் கலையும். கயிறு கட்ட, நங்கூரம் போட, பைலட் ஏணி இறக்க எந்த நேரத்திலும் அழைப்பு வரும். கிழக்கே போனால் கப்பல் கடிகாரத்தை முன்னே நகர்த்துவார்கள், மேற்கே போனால் பின்னே. மாலையில் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். பார்க்காதவர் ஒரு மணி நேரம் தாமதமாக வாட்சுக்கு வந்து நிற்பார்.

வாட்ச் ஏறுவதும் இறங்குவதும்

1. வாட்சுக்கு அரை மணி நேரம் முன்பே எழுந்து முகம் கழுவி, கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். எழுப்ப வந்தவருக்குப் பதில் சொல்லிவிட்டு மீண்டும் கண்ணயர்வது புதியவரின் வழக்கமான தவறு. எழுந்து உட்கார்ந்த பிறகே பதில் சொல்லுங்கள்.

2. பதினைந்து நிமிடம் முன்பே பிரிட்ஜுக்குப் போங்கள். வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடமாவது வேண்டும். முழுமையாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும்.

3. இறங்கப்போகும் ஆளிடம் நான்கைக் கேளுங்கள்: கப்பல் எந்தத் திசையில் போகிறது, எந்தெந்தக் கப்பல் தெரிகிறது, மீன்பிடிப் படகு உண்டா, அதிகாரி சிறப்பாக என்ன சொல்லியிருக்கிறார்.

4. கண் தெளிந்த பிறகு, வாட்ச் அதிகாரியிடம் சொல்லிப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். அதுவரை பொறுப்பு முன்னவருடையது.

5. பார்த்ததை உடனே சொல்லுங்கள். எந்தப் பக்கம், என்ன, எவ்வளவு தூரம் போலத் தெரிகிறது என்ற வரிசையில். தூரம் தெரியாவிட்டால் ‘ஸ்டார்போர்ட் பௌவில் ஒரு வெள்ளை விளக்கு’ என்பது போதும். அதிகாரி ரேடாரில் பார்த்திருப்பார் என்று நீங்களே எண்ணிக்கொண்டு பேசாமல் இருக்காதீர்கள். கண்ணாலும் காதாலும் எப்போதும் கண்காணிக்க வேண்டும் என்பது உலகக் கடல் போக்குவரத்து விதிகளில் ஐந்தாவது விதி. நம் கரையோரத்தில் ஃபைபர் படகுக்காரர் ஒரே ஒரு சிறு விளக்கோடு வலை போட்டிருப்பார். அந்தப் படகு ரேடாரில் பல நேரம் சரியாகத் தெரியாது. அவர் உயிர் உங்கள் கண்ணில் இருக்கிறது.

6. சுக்கான் பிடிக்கும்போது உத்தரவைத் திருப்பிச் சொல்லுங்கள், செய்யுங்கள், செய்து முடித்ததும் மீண்டும் சொல்லுங்கள். ‘ஸ்டார்போர்ட் டென்’ என்று கேட்டால் ‘ஸ்டார்போர்ட் டென்’ என்று சொல்லித் திருப்பி, முள் பத்தில் நின்றதும் அதையும் சொல்லுங்கள்.

7. உங்களை விடுவிக்க வருபவர் போதையிலோ காய்ச்சலிலோ இருப்பதாகத் தெரிந்தால் பொறுப்பை ஒப்படைக்காமல் அதிகாரியிடம் சொல்லுங்கள். நண்பர்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

8. இரவு வாட்ச் இறங்கியதும் குடியிருப்புத் தளங்களைச் சுற்றிப் பாருங்கள். அடுக்களை, துணி துவைக்கும் அறை, புகைபிடிக்கும் அறை மூன்றும் முக்கியம். தீ இல்லை என்று பிரிட்ஜுக்குத் தெரிவித்த பிறகே உங்கள் நேரம் தொடங்குகிறது.

*பாதுகாப்பு:* வாட்ச் நேரத்தில் செல்போன் கேபினில் இருக்கட்டும். திரை வெளிச்சம் ஒரு நொடி கண்ணில் பட்டாலும் இருட்டுக்குப் பழகிய பார்வை போய்விடும்.

டெக்கில் உயிர் போகும் நான்கு இடங்கள்

*கயிறு.* கரையில் கட்டும் கயிறு இழுபட்டு அறுந்தால் கண்ணால் பார்க்க முடியாத வேகத்தில் திரும்பி அடிக்கும். கயிறு எந்தப் பக்கமெல்லாம் அடிக்கக்கூடும் என்று ஏறியதுமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கயிறு இறுகும்போது அந்த இடங்களில் நிற்காதீர்கள். தரையில் கிடக்கும் வளையத்துக்குள் ஒருபோதும் கால் வைக்காதீர்கள்.

*மூடிய அறை.* சரக்கு அறை, நீர்த்தொட்டி, நங்கூரச் சங்கிலி அறை போன்றவற்றில் காற்று நல்லதாகத் தெரியும். ஆனால் ஆக்சிஜன் போதாமல் இருக்கலாம். துருப்பிடிக்கும் இரும்பே ஆக்சிஜனைத் தின்றுவிடும். நிலக்கரி, மரக்கட்டை, தானியம் எல்லாம் அப்படியே. அளவுமானியில் 21 விழுக்காட்டை ஒட்டி ஆக்சிஜன் காட்டி, விஷவாயுச் சோதனையும் முடிந்து, எழுத்துப்பூர்வ அனுமதி வந்த பிறகே இறங்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் பாய்ந்து இறங்காதீர்கள். குரல் கொடுங்கள், அபாய மணியை அடியுங்கள். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து செத்த கதைகள் கடலில் ஏராளம்.

*உயரமும் கப்பலின் வெளிப்பக்கமும்.* உயரத்தில் ஏறினால் பாதுகாப்புப் பட்டை, வெளிப்பக்கம் தொங்கினால் அதோடு மிதவை அங்கியும். மேலே ஆள் இருக்கும்போது ரேடார் சுழலாமலும் ஹாரன் ஒலிக்காமலும் நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஏறுங்கள்.

*மோசமான வானிலையில் திறந்த டெக்.* பிரிட்ஜின் அனுமதி இல்லாமலும் தனியாகவும் போகாதீர்கள். தொப்பி பறந்தால் பறக்கட்டும்.

ஒருவர் கடலில் விழுந்ததைப் பார்த்தால் செய்ய வேண்டியவை:

1. எந்தப் பக்கம் விழுந்தார் என்று சேர்த்து உரக்கக் கத்துங்கள்.
2. பக்கத்தில் உள்ள மிதவை வளையத்தை எறியுங்கள்.
3. அவர் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், கையை நீட்டிக் காட்டியபடியே நில்லுங்கள். பிரிட்ஜுக்குச் சொல்ல இன்னொருவரை அனுப்புங்கள்.

ஓய்வு: சட்டம் என்ன சொல்கிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

சட்டம் எளிது. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு. ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரம். நாளின் 10 மணி நேரத்தை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது. ஒரு துண்டு 6 மணி நேரமாவது இருக்க வேண்டும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். காலை 8 முதல் மாலை 5 வரை வேலை செய்தீர்கள். இரவு 11க்குக் கயிறு கட்ட அழைத்து அதிகாலை 3க்கு விட்டார்கள். மறுபடி 8க்கு வேலை. மாலை 5 முதல் 11 வரை 6 மணி நேரம், 3 முதல் 8 வரை 5 மணி நேரம். மொத்தம் 11, சட்டப்படி சரி. அதே அழைப்பு இரவு 10க்கு வந்திருந்தால்? 5 மணி நேரம், 5 மணி நேரம். மொத்தம் 10 வந்துவிட்டது, ஆனால் எந்தத் துண்டும் 6 இல்லை. இது மீறல். தீர்வு எளிது: மறுநாள் வேலையை 9க்குத் தொடங்கினால் இரண்டாம் துண்டு 6 ஆகிவிடும். அழைப்பு வந்த இரவிலேயே போசனிடம் பணிவாகச் சொன்னால் சீஃப் ஆபீசர் அதை மாற்றித் தருவார்.

ஓய்வை உண்மையில் ஓய்வாக்கும் படிகள்:

1. வேலை விட்டதும் குளியுங்கள். எண்ணெய்க் கறையோடு கட்டிலில் விழுந்தால் தோல் கெடும், தூக்கமும் கெடும்.
2. இரவு வாட்ச் முடித்துப் பகலில் தூங்குவதானால் ஜன்னலை முழுதாக மூடி, காதடைப்பான் போடுங்கள். கதவில் தூங்குகிறார் என்ற அட்டையைத் தொங்கவிடுங்கள்.
3. தூங்குவதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே டீ, காபியை நிறுத்துங்கள்.
4. சினிமாவும் போனும் தூங்கி எழுந்த பிறகு. தூங்கும் முன் ஒரு படம் பார்க்கலாம் என்று தொடங்குவதே நாள்பட்ட சோர்வுக்கு முதல் வாசல்.
5. பாய்லர் சூட், ஷூ, டார்ச், மிதவை அங்கி நான்கும் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.
6. வேலை நேரத்தை அன்றன்றே உங்கள் நோட்டில் எழுதுங்கள். கப்பலின் ஓய்வு நேரப் பதிவேட்டில் நீங்களும் கையெழுத்திடுவீர்கள். ஒரு நகல் உங்களுக்கு உரியது. நடக்காததை நடந்ததாகக் காட்டும் தாளில் கையெழுத்திடாதீர்கள். விபத்து நேர்ந்தால் முதலில் புரட்டப்படுவது அந்தத் தாள்தான்.

மதுவைப் பற்றி ஒரு சொல். உலக விதி இரத்தத்தில் 0.05 விழுக்காட்டை எல்லையாக வைத்திருக்கிறது. பல நிறுவனங்களில் அந்த எல்லை பூஜ்யம். ஒரு சோதனையில் மாட்டினால் அந்தத் துறைமுகத்திலேயே இறக்கிவிடுவார்கள். அடுத்த கப்பல் கிடைப்பதும் கடினம்.

சாப்பாடும் உடம்பும்

முதல் நாட்களில் கப்பல் ஆட்டத்தில் வாந்தி வரும். பெரும்பாலோருக்குச் சில நாளில் பழகிவிடும். அதுவரை:

1. வெறும் வயிற்றில் இருக்காதீர்கள். உலர்ந்த பிஸ்கட், ரொட்டி, இஞ்சி கொஞ்சம் கொஞ்சமாக.
2. தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே இருங்கள்.
3. முடிந்தபோது வெளிக்காற்றில், பாதுகாப்பான இடத்தில் நின்று அடிவானத்தைப் பாருங்கள்.
4. மாத்திரை போடுவதானால் ஆட்டம் தொடங்கும் முன் போடுங்கள். தூக்கம் வரவைக்கும் மாத்திரை என்றால் வாட்ச் அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்.

சமையற்காரரோடு நல்ல உறவு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுக்கும் கைக்கு ஒருநாள் இரசம் கிடைக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப் பொடியும் ஊறுகாயும் கண்ணாடிப் புட்டியில் வேண்டாம், ஆட்டத்தில் உடையும். பிளாஸ்டிக் எதையும் கடலில் போடாதீர்கள். உலகின் எந்தக் கடலிலும் அது குற்றம்.

*பாதுகாப்பு:* கேபினில் அகல் விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் ஏற்றாதீர்கள். மாதேஸ்வரன் படமோ மேரி மாதா படமோ கட்டிலருகே இருக்கலாம்; முன்னால் மின்கல விளக்கு போதும். தீபாவளியன்று காலாவதியான அபாய ஒளிக்குண்டுகளைப் பட்டாசாக வெடிப்பதும் கூடாது. அது உதவி கோரும் அடையாளம்.

வேலை இல்லாத நேரம்

தூக்கம் போக மிஞ்சும் நேரம் அதிகமில்லை. அதை மூன்றாகப் பிரியுங்கள்.

- உடம்புக்கு அரை மணி நேரம். ஜிம் இல்லாவிட்டால் படிக்கட்டு ஏறி இறங்குவதே போதும்.
- படிப்புக்கு ஒரு மணி நேரம். பயிற்சிப் பதிவேட்டை அன்றன்றே நிரப்பி, அதிகாரியிடம் கையெழுத்து வாங்குங்கள். வாட்ச்கீப்பிங் சான்றிதழுக்குக் கடற்பணி மாதங்களும் இந்தப் பதிவுகளும் வேண்டும். கடைசி மாதத்தில் மொத்தமாக எழுத உட்கார்ந்தால் பாதி மறந்திருக்கும்.
- மனிதர்களுக்கு மீதி. மெஸ் அறையில் கேரம் ஆடுங்கள், பேசுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு போனோடு மட்டும் வாழ்கிறவரைத் தனிமை சீக்கிரம் பிடிக்கும்.

வீட்டோடு பேசுவதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். காட்டை ஒட்டிய பாலாற்றுப் பகுதியில் செல்போன் சிக்னல் ஒரே மாதிரி இராது, கப்பலிலும் அப்படியே. வாரத்தில் எந்த நாள் பேசுவது என்று கிளம்பும் முன்பே அம்மாவிடம் சொல்லிவையுங்கள். பத்து நாள் குரல் வராவிட்டாலும் பயப்பட வேண்டாம், நிறுவனத்து எண்ணைக் கேளுங்கள் என்றும் சொல்லுங்கள். வாட்சுக்குப் போகும் முன் வீட்டுச் சண்டைகளைப் பேசாதீர்கள். கலங்கிய மனதோடு சுக்கான் முன் நிற்கக் கூடாது.

சம்பளத்தில் ஒரு பங்கு நேராக வீட்டுக் கணக்குக்குப் போகும்படி எழுதிக் கொடுங்கள். மீதியை உங்கள் பெயரில் சேமியுங்கள். ஒப்பந்தத்துக்கும் அடுத்த ஒப்பந்தத்துக்கும் நடுவில் சம்பளம் வராத மாதங்கள் உண்டு. அவற்றுக்கு இந்தப் பணம் வேண்டும்.

கரை இறங்கும்போது

1. அனுமதி கேட்டு, கேங்வேயில் கையெழுத்திட்டு, கரை அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு இறங்குங்கள்.
2. கப்பல் நிற்கும் தளத்தின் எண், முகவர் தொலைபேசி, திரும்ப வேண்டிய நேரம் மூன்றையும் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். போன் அணைந்தால் தாள்தான் துணை.
3. இருவராவது சேர்ந்து போங்கள்.
4. துறைமுகத்துக்குள் கிரேன், லாரி ஓடும் வழியில் நடக்காமல் குறிக்கப்பட்ட நடைபாதையில் போங்கள்.
5. யார் கொடுத்த பொட்டலத்தையும் கப்பலுக்கு எடுத்து வராதீர்கள்.
6. பல துறைமுகங்களில் கடலோடிகளுக்கான மையங்கள் உண்டு. மிஷன் டு சீஃபேரர்ஸ், ஸ்டெல்லா மாரிஸ் போன்ற அமைப்புகள் எந்த மதத்தவரையும் வரவேற்கும். வீட்டுக்குப் பேசவும், கொஞ்சம் உட்காரவும் அங்கே போகலாம்.
7. குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்புங்கள். உங்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. அன்றிரவு வாட்ச் இருந்தால் அதற்கு முன் தூங்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துத் திரும்புங்கள்.

மனம் கனத்தால், அநியாயம் நடந்தால்

தூக்கம் வராமை, சாப்பாட்டில் வெறுப்பு, காரணமில்லாத எரிச்சல் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐ.எஸ்.டபிள்யூ.ஏ.என். என்ற அமைப்பு கடலோடிகளுக்காக 24 மணி நேர இலவச உதவிச் சேவை நடத்துகிறது. அதன் எண்ணை ஏறிய அன்றே நோட்டில் எழுதிவையுங்கள்.

சம்பளம் வராவிட்டாலோ, ஓய்வு தொடர்ந்து மறுக்கப்பட்டாலோ, யாராவது அடித்தாலோ இந்த வரிசையில் போங்கள்:

1. தேதி, நேரம், நடந்தது என்ன என்று எழுதுங்கள்.
2. போசன் அல்லது சீஃப் ஆபீசரிடம் சொல்லுங்கள்.
3. தீராவிட்டால் கேப்டனிடம். ஒவ்வொரு கப்பலிலும் முறையீட்டு நடைமுறை எழுத்தில் இருக்க வேண்டும்; அதன் நகலை உங்களுக்குத் தர வேண்டும்.
4. அங்கும் தீராவிட்டால் நிறுவனத்தின் கரை அலுவலகம், தொழிற்சங்கம், துறைமுக நாட்டின் ஆய்வு அதிகாரி, நம் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் என மேலே போகலாம். முறையிட்டதற்காகப் பழிவாங்குவதைக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை தடுக்கிறது.

ஒப்பந்தம் முடியும்போது

1. கடைசி வாரம்தான் ஆபத்தான வாரம். மனம் ஊருக்குப் போய்விடும், கை மட்டும் கப்பலில் இருக்கும். டெக்கில் வழக்கத்தைவிட மெதுவாக வேலை செய்யுங்கள்.
2. சி.டி.சி.யில் ஏறிய நாளும் இறங்கும் நாளும் சரியாகப் பதிந்து, முத்திரையும் கேப்டன் கையெழுத்தும் உள்ளதா என்று ஏணியில் இறங்கும் முன் பாருங்கள். கரைக்கு வந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.
3. கடற்பணிச் சான்று, பயிற்சிப் பதிவேடு, சம்பளக் கணக்கு, ஓய்வு நேரப் பதிவின் நகல் ஆகியவற்றை வாங்குங்கள்.
4. உங்கள் இடத்துக்கு வருபவருக்கு எல்லாவற்றையும் காட்டிக் கொடுங்கள். எந்த வின்ச் ஒட்டும், எந்தப் படியில் வழுக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.
5. ஊருக்கு வந்ததும் முதல் வாரம் தூங்குங்கள். உறவினர் வீட்டு விருந்துகள் அதற்குப் பிறகு. பைக்கை எடுத்துக்கொண்டு அன்றிரவே மலைப்பாதையில் கிளம்பாதீர்கள். நேரங்கெட்ட நேரத்தில் விழித்துப் பழகிய உடம்பு சாலையில் ஏமாற்றும்.
6. அடுத்துக் கிளம்பக் காத்திருக்கும் பையன்கள் உங்களைத் தேடி வருவார்கள். கப்பல் படங்களோடு உங்கள் சம்பளச் சீட்டையும் ஓய்வு நேரத் தாளையும் காட்டுங்கள். ஆர்.பி.எஸ்.எல். எண்ணைச் சரிபார்க்கவும், முகவருக்குக் காசு கொடுக்க மறுக்கவும், தூக்கத்தை விட்டுக்கொடுக்காமல் இருக்கவும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது முதல் ஒப்பந்தம் முடித்த உங்கள் கடமை.